நாம கெலிச்சோம், அவனுங்க தோத்தானுங்க

தமிழில் 'நாம்' என்று ஒரு சொல் இருக்கிறது, 'நாங்கள்' என்று ஒரு சொல் இருக்கிறது. எதிரில் நிற்கிறவனையும் சேர்த்துக்கொண்டு பேசுவது நாம். அவனை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவது நாங்கள். சேரியில் பிறந்தவனுக்கு இந்த இலக்கணத்தை எந்த வாத்தியாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறபோது ஊர்க்காரன் வாயில் 'நாம' வருகிறது. தேர் இழுக்கிற அன்றைக்கும் சுடுகாட்டுக்குப் பாதை கேட்கிற அன்றைக்கும் அதே வாயில் 'நாங்க' வந்துவிடுகிறது. எந்த நேரத்தில் எந்தச் சொல் வருகிறது என்று கவனிப்பதுதான் நமக்குக் கிடைத்த முதல் அரசியல் பாடம்.

இதை வைத்துக்கொண்டு கால்பந்து ரசிகர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். இந்தப் பத்திரிகையில வெளையாட்டு எதுக்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். ரசிகனைப்போல் இவ்வளவு தாராளமாக 'நாம' சொல்கிறவன் வேறு எங்கேயும் கிடையாது. அதனால்தான்.

2023 ஆகஸ்டு 12ஆம் தேதி கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. டூரண்ட் கோப்பை ஆட்டம். 1888இல் சிம்லாவில் வெள்ளைக்காரன் ஆரம்பித்த பந்தயம் அது. இப்போது அது லீக் தொடங்குவதற்கு முன்னால் வருகிறது. அதனால் பெரிய அணிகளுக்கு அது பாதி போட்டி, பாதி ஒத்திகை. புதிதாக எடுத்த ஆளை இறக்கிப் பார்ப்பார்கள், காலில் வலு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அன்றைக்கு ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்தது. நாலரை வருஷம் மோகன் பகானை ஜெயிக்க முடியாமல் கிடந்த அணி. கோல் அடித்தவர் சென்னைக்காரர், நந்தகுமார் சேகர்.

கோல் கல்கத்தாவில் விழுந்தாலும் சத்தம் வடசென்னை வரைக்கும் கேட்டது. வியாசர்பாடி டீக்கடை ஒன்றில் அதைப் பற்றி நடந்த சண்டை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னாபா, பாத்தியா? இந்த வாட்டி லீக்கு நமக்குதான்."

"டேய், சீசனே இன்னும் ஆரம்பிக்கல. ஒத்திகைய பாத்துட்டு நாடகம் ஹிட்டுன்றான் பாரு இவன்."

"அடிச்சவன் மெட்ராசு பையன். அப்ப நம்ம டீமு தானே?"

கடைசியாகப் பேசியவன் வங்காளத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த கிளப்பில் அவனுக்கு ஒரு நாற்காலி கிடையாது, ஓட்டு கிடையாது. ஆனாலும் 'நம்ம' என்றான். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஒண்டக் குடிசையில்லாதவனும் ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரனாக இருந்து பார்க்கிற இடம் அது. சீசனுக்கு முந்தின ஆட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. யாருக்கும் இன்னும் புள்ளி கிடையாது, எல்லோரும் பூஜ்யத்தில் நிற்கிறார்கள். எல்லாருடைய நம்பிக்கையும் சமமாக இருக்கிற நாட்கள் அவை மட்டும்தான். அப்போது 'நாம' என்று சொல்ல எந்தச் செலவும் இல்லை. செலவில்லாமல் சொல்கிற 'நாம'வை வைத்து ஒருத்தனை எடைபோட முடியாது என்பதுதான் என் வாதம்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 3ஆம் தேதி அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில், பத்துப் பேராய்க் குறைந்துபோன மோகன் பகான் 1-0 என்று ஜெயித்தது. 2024 ஜனவரியில் ஈஸ்ட் பெங்கால் சூப்பர் கோப்பையை எடுத்தது. லீக்கிலோ ஒன்பதாவது இடம். டீக்கடையில் இரண்டு கட்சியும் பாதி ஜெயித்தது, பாதி தோற்றது. ஆனால் தோல்வி வந்த நாட்களில் பேச்சே மாறியிருந்தது. "நாம கெலிச்சோம்" என்றவன் "அவனுங்க தோத்துட்டானுங்க" என்றான். ஒரே அணி, ஒரே வாய். கோப்பை வரும்போது தன்மை, கோட்டை விடும்போது படர்க்கை.

டீக்கடையில் இது வேடிக்கை. டீக்கடைக்கு வெளியே இது உயிரை எடுக்கிற விஷயம்.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். அன்றைக்கு தேசம் முழுக்க 'நாம'. ஆகஸ்டு 4ஆம் தேதி அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி 1-2 என்று தோற்றது. உடனே ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத்தில் இருக்கும் அவர் வீட்டு முன்னால் சிலர் பட்டாசு வெடித்தார்கள், ஆடினார்கள். அணியில் தலித்துகள் ஜாஸ்தியாகிவிட்டதால்தான் தோற்றது என்று கத்தினார்கள். இது அவர் குடும்பத்தார் போலீசில் கொடுத்த புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. பதினோரு பேர் ஆடித் தோற்ற ஆட்டத்தின் தோல்வியை ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினார்கள். மூன்று கோலுக்கு அவள் 'நம் மகள்'. ஒரு தோல்விக்கு அவள் 'அவங்க சாதி'. இரண்டுக்கும் நடுவே சில நாட்கள்தான்.

ஈஸ்ட் பெங்காலின் 'நாம' எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1920இல் ஜோராபகான் என்ற கிளப் கிழக்கு வங்கத்தானான சைலேஷ் போஸை ஆட்டத்திலிருந்து ஒதுக்கியது. அந்தக் கோபத்தில் விலகி வந்தவர்கள் ஆரம்பித்த கிளப் இது. பிரிவினைக்குப் பிறகு அகதியாக வந்த ஜனம் இதைத் தன் கொடியாக எடுத்துக்கொண்டது. ஜெயித்தால் இலிஷ் மீன் வாங்கிச் சமைக்கிறது. ஒதுக்கப்பட்டவர்களின் அணி என்கிற பெருமை அந்த காலரியில் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அகதிகள் எல்லோரும் ஒரே மாதிரி அகதியாகவா இருந்தார்கள்? முதலில் வந்த மேல்சாதி பத்ரலோக்குகள் தென்கல்கத்தாவில் நிலத்தை வளைத்துக் காலனி போட்டார்கள். பிற்பாடு அவற்றுக்கு அங்கீகாரமும் கிடைத்தது. பின்னால் வந்த நாமசூத்திரர்களைத் தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே பிழைக்க முடியாமல் 1978இல் திரும்பி வந்து சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பித் தீவில் குடியேறியவர்களை, 1979 ஜனவரியில் சோறு தண்ணி போகவிடாமல் அரசாங்கம் சுற்றி வளைத்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. மே மாதம் குடிசைகள் எரிந்தன, மிச்சமிருந்தவர்களை விரட்டினார்கள். செத்தவர் எத்தனை பேர் என்பதில் இன்றைக்கும் ஒத்த கணக்கு இல்லை. ஏழைகளின் பேரால் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் அது. ஒரே மண்ணைவிட்டு வந்தவர்கள், ஒரே மொழி பேசியவர்கள். காலரியில் 'நாம', தீவில் 'அவங்க'.

என் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப எதுக்கு கத்தணும்? டீமு மொதலாளியோடது. கோப்பையும் அவனுக்கே போவுது. நம்மாளு தொண்டை வறள கத்திட்டு வெறுங்கையோட வூட்டுக்கு வரான். நாமன்றதே ஏமாத்து."

இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் இதை முழுக்க ஏற்கவில்லை. 'நாம' என்பதையே விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது 'நாங்க', 'நீங்க' மட்டும்தான். அந்த இரண்டு சொல்லையும் வைத்துத்தான் ஊரும் சேரியும் கட்டப்பட்டிருக்கின்றன. அதைக் கட்டியவனுக்கு வேண்டியதும் நாம் விலகிப் போவதுதான். 1949 நவம்பர் 25ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் இந்த இடத்தைத்தான் தொட்டார். ஆயிரக்கணக்கான சாதியாய்ப் பிரிந்து கிடக்கிறவர்கள் ஒரு தேசமாக எப்படி ஆகமுடியும் என்று கேட்டார். சகோதரத்துவம் இல்லாமல் சுதந்திரமும் சமத்துவமும் நிற்காது என்றார். அவர் 'நாம' வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் உண்டாகாத ஒன்றை உண்டாகிவிட்டதாக நடிக்காதே என்றார்.

அப்படியானால் உண்மையான 'நாம'வை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பிரேசிலில் ஒரு கதை இருக்கிறது. 1923இல் ரியோ நகரத்தின் பட்டத்தை வாஸ்கோ ட காமா கிளப் வாங்கியது. அதில் ஆடியவர்களில் கறுப்பர்களும் கலப்பினத்தவரும் கூலிக்காரர்களும் இருந்தார்கள். பணக்கார கிளப்புகளுக்குப் பொறுக்கவில்லை. 1924இல் புதுச் சங்கம் ஒன்றை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு ஆட்டக்காரர்களை நீக்கினால் உன்னைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றன. ஏப்ரல் 7ஆம் தேதி வாஸ்கோவின் தலைவர் கடிதம் எழுதினார்: அவர்களை நீக்கமாட்டோம், உங்கள் சங்கம் எங்களுக்கு வேண்டாம். பெரிய அணிகளோடு ஆடுகிற வாய்ப்பு போனாலும் போகட்டும் என்று நின்றார்கள். மறுவருஷம் அதே சங்கம் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1927இல் ரசிகர்கள் காசு போட்டு அந்த கிளப்புக்கு மைதானமே கட்டிக்கொடுத்தார்கள்.

அந்தக் கடிதம் எழுதிய அன்றைக்கு அவர்கள் எந்தக் கோப்பையும் ஜெயிக்கவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அந்த அணி 'நாம' ஆனது. பன்னிரண்டு பேருக்காக எதை இழக்கத் தயார் என்று ஒரு விலை சொன்னார்கள். விலை சொல்லாத 'நாம' கள்ள நோட்டு. ஓட்டுக் கேட்கிறவன் தருவதும் அதுதான், மூன்று கோலுக்குக் கைதட்டிவிட்டு வாசலில் பட்டாசு வெடிக்கிறவன் தருவதும் அதுதான்.

வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. எந்த பிரேசில் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். கோப்பையைத் தூக்கிய பிரேசிலா, பன்னிரண்டு பேரை நீக்கச் சொன்ன பிரேசிலா, மாட்டேன் என்று எழுதிய பிரேசிலா?

சீசன் தொடங்குவதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் தோளில் கை போடுவான். போடட்டும். நாமும் கத்துவோம், நம்ம டீமு என்போம், அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் 'நாம' என்று சொல்லிக்கொண்டு வருகிறவனிடம் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்வோம்: தோத்த அன்னிக்கி எங்க வூட்டு வாசல்ல நீ எந்தப் பக்கம் நிப்ப?