வண்டி நிற்கும் இடத்திலும் அறம் உண்டு

 

கொல்லாமை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன புலால் மறுத்தலும், நீரை வடிகட்டிப் பருகுதலும், கதிரவன் மறையும் முன் உண்ணுதலும் ஆகும். இவை நம் முன்னோர் வழிவழியாகக் காத்துத் தந்த செல்வங்கள். ஆயினும், அறம் அடுக்களையோடு முடிந்துவிடுவதில்லை. நம் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டியிலும் அது உறைகின்றது என்பதை என் முதுமையில்தான் நான் கற்றுக்கொண்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறர்க்குப் பாடம் சொன்னவள், தான் பெற்ற ஒரு பாடத்தை இங்கே ஒளிக்காமல் கூற விரும்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்தில் அனந்த நோன்பின் நிறைவு விழா நடந்தது. உறவினர் பலர் மகிழுந்துகளில் வந்தனர். பொழுது சாயுமுன் அனைவரும் உணவருந்த வேண்டுமே என்ற பரபரப்பில், வண்டிகளை எங்கே நிறுத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தெருவோ குறுகியது. இருபுறமும் வண்டிகள் நின்றன. என் மகனின் வண்டி அடுத்த வீட்டு வாயிலை முழுவதும் அடைத்துக்கொண்டு நின்றது.

இரவு ஏழு மணியளவில் அவ்வீட்டுப் பெரியவருக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. அழைத்தவுடன் 108 ஊர்தி வந்தது. ஆனால் தெருமுனைக்கு இப்பால் அதனால் நுழைய இயலவில்லை. ஒலிப்பான் மீண்டும் மீண்டும் ஒலித்திருக்கின்றது. நாங்களோ உள்ளே தோத்திரம் பாடிக்கொண்டிருந்தோம். எங்கள் குரலில் அவ்வொலி அமிழ்ந்துபோயிற்று. இறுதியில் அப்பெரியவரை ஒரு நாற்காலியில் அமர்த்தி, வண்டிகளின் இடுக்கு வழியே நால்வர் தூக்கிச் சென்றனர்.

அவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலை அவர்தம் துணைவியார் என்னைக் கண்டு, “நோன்பு நல்லபடியாக முடிந்ததா, டீச்சரம்மா?” என்றுதான் கேட்டார். ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. அந்தக் கேள்விக்கு என்னால் விடை கூற முடியவில்லை. அவர் கையைப் பற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

“அவர்தாம் பிழைத்துவிட்டாரே, பிறகென்ன?” என்று சிலர் எனக்கு ஆறுதல் கூறினர். இங்கேதான் நம் அறநூல்கள் நம்மை விழிக்கச் செய்கின்றன. பொன்னூர் மலையில் திருவடிகளாக நாம் போற்றி வணங்கும் ஆசாரியர் குந்தகுந்தர், பிரவசனசாரம் என்னும் நூலில் இதனைத் தெளிவாக்கியுள்ளார். எதிரிலுள்ள உயிர் பிழைக்கின்றதா, மாய்கின்றதா என்பதைக் கொண்டு இம்சை அளக்கப்படுவதில்லை. கவனமின்றி நடப்பவனுக்கு இம்சை உறுதியாக உண்டு என்பதே அவர்தம் கருத்து. பெரியவர் பிழைத்தது அவருடைய ஆயுளின் வலிமை. என் கவனக்குறைவால் விளைந்த வினையோ என்னுடையதேயாம்.

தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதத்தில் நேரும் குற்றங்களை, எண்ணிக் காட்டுகின்றது. அவற்றுள் முதலாவது பந்தம். ஓர் உயிரைத் தன் விருப்பப்படி இயங்கவிடாமல் கட்டிப்போடுதல் என்பது அதன் பொருள். கயிற்றால் கட்டினால்தான் கட்டு என்பதில்லை. பிறர் வாயிலை அடைத்து நிற்கும் வண்டியும் அவ்வீட்டாரைக் கட்டும் கயிறே அன்றோ?

நம் முனிவர்கள் ஒழுகும் ஐந்து சமிதிகளுள் ஒன்று ஆதான நிக்ஷேபண சமிதி. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் விழிப்போடிருத்தல் என்பது இதன் பொருள். கமண்டலத்தைத் தரையில் வைக்குமுன் அவ்விடத்தை நோக்கி, மயிற்பீலியால் மெல்ல நீக்கிவிட்டே வைப்பர். ஒரு சிறு கமண்டலத்தை வைப்பதற்கே இத்துணைக் கவனம் வேண்டுமாயின், ஏறத்தாழ ஆயிரம் கிலோ எடையுள்ள மகிழுந்தை வைக்க எத்துணைக் கவனம் வேண்டும்! சமிதிகள் துறவியர்க்குரியன என்பது உண்மையே. எனினும் இல்லறத்தார் தத்தம் நிலைக்கேற்ப அவற்றின் நிழலிலாவது நிற்கலாம்.

இன்னொன்றும் உண்டு. தெரு அனைவர்க்கும் பொது. நம் வீட்டின் முன் உள்ள தெருப்பகுதியைக் கல்லும் பூந்தொட்டியும் வைத்து நமக்கென்று வளைத்துக்கொள்வது, கொடுக்கப்படாத ஒன்றை எடுத்துக்கொள்வதாகும். கள்ளாமை நோன்பு பூண்டவர்க்கு இது தகுமா? நிறுத்த இடமில்லாத வீட்டிற்கு இரண்டாவது, மூன்றாவது வண்டியை வாங்குமுன், பொருளுக்கு எல்லை வகுக்கும் விரதத்தையும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாட்டின் சட்டமும் இதனையே கூறுகின்றது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, பிறர்க்கு ஆபத்தோ, தடையோ, தகாத இடையூறோ விளையுமாறு பொது இடத்தில் வண்டியை விட்டுச் செல்வதைத் தடுக்கின்றது. ஆனால் காவலர் காணும்போது மட்டும் நன்னெறியில் நிற்பது அறமாகாது.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்களில் என் இளமையில் கண்டது நினைவுக்கு வருகின்றது. திருமணத்திற்கு வரும் மாட்டு வண்டிகளை ஊர்ப்புறக் களத்தில் அவிழ்த்துவிட்டு, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய பிறகே உறவினர் தெருவுக்குள் நடந்து வருவர். தெரு, நடப்பவர்க்கும் கோலத்திற்கும் குழந்தைகளுக்கும் உரியதாயிருந்தது. வண்டி மாறிவிட்டது, நெறி மாற வேண்டியதில்லை.

ஆதலின், ஒவ்வோர் இல்லத்தாரும் சிலவற்றைக் கைக்கொள்ள வேண்டுகின்றேன். எவர் வாயிலையும் அடைத்து வண்டியை நிறுத்தாதீர்கள். எதிர்ப்புறம் ஒரு வண்டி நிற்குமாயின், அதற்கு நேரெதிரே நிறுத்தாமல் தள்ளி நிறுத்துங்கள். நோயாளி ஊர்தியும் தீயணைப்பு வண்டியும் செல்ல வழி இருக்கின்றதா என்று இறங்கியபின் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நடைபாதையை நடப்பவர்க்கே விடுங்கள். உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிக் கண்ணாடியின் உட்புறம் வையுங்கள். வண்டியைக் கிளப்புமுன் குனிந்து அடியில் பாருங்கள். நிழலுக்கு ஒதுங்கிய நாயோ பூனையோ அங்கே உறங்கலாம். விழாவுக்கு அழைக்கும்போதே வண்டி நிறுத்தும் இடத்தையும் சொல்லி அழையுங்கள். ஜினாலயத் திருவிழாக்களிலும் இப்பொறுப்பை இளைஞர் இருவர் ஏற்றுக்கொள்ளலாம்.

நம் வாயிலைப் பிறர் அடைத்து நிறுத்தினால் என் செய்வது? சக்கரத்தின் காற்றைப் பிடுங்குவதும் வசை கூறுவதும் நமக்கு ஆகா. பத்து அறங்களுள் பொறையே முதலாவது. சென்று இனிமையாகச் சொல்லுங்கள். எனக்கு அப்பாடத்தைக் கற்பித்தவர் அடுத்த வீட்டு அம்மையார்.

இப்போது எங்கள் இல்லத்திற்கு எவர் வந்தாலும், “வாருங்கள்” என்ற சொல்லுக்கு அடுத்து நான் கேட்பது, “வண்டி எங்கே நிற்கின்றது?” என்பதே. சிலர் நகைக்கின்றனர். நகைக்கட்டும். அடுத்த வீட்டு வாயில் திறந்திருக்கின்றது என்று தெரிந்தபின்தான் நான் தோத்திரம் பாட அமர்கின்றேன்.

அறம் வளர்க! ஜெய் ஜினேந்திர!