கையின் விலையும் கடன்பட்டோரும்

மகாவலியின் நீர் பொல்கொல்லையில் மறிக்கப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக உக்குவளைக்கு வந்து சேருகின்றது. 1976ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய உக்குவளை மின் நிலையத்தின் சுழலிகளை இயக்கிய பின்னர், அந்நீர் வரண்ட பிரதேசத்து வயல்களை நாடிச் செல்கின்றது. மின்னொளியும் நெல்லும் பலர்க்குரியன. பாறையைக் குடையும் தொழிலின் ஆபத்தோ குடைபவனுக்கு மட்டுமே உரியது. பயன் பலர்க்கும் இடர் சிலர்க்கும் என அமையுமிடத்து, இடருற்றவனுக்குக் கடன்பட்டவர் யாவர்? தொழிலாளர் நட்டஈடு பற்றிய விவாதங்கள் யாவற்றினதும் அடியில் கிடப்பது இவ்வினாவே.

தீங்கிழைத்தவனிடமிருந்து பெற்றுத் தீங்குற்றவனுக்கு அளித்துச் சமநிலையை மீட்பதே நீதி என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. இதன்படி நோக்கின், தவறிழைத்தவன் ஒருவன் இருந்தாலன்றி நட்டஈடு இல்லை. தேயிலை மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணைக் குளவி கொட்டுகின்றது. தோட்டத்துரையோ கங்காணியோ குளவியை ஏவிவிடவில்லை. ஆயினும் குளவிக் கூட்டின்கீழ் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது கொழுந்தன்றோ? அக்கொழுந்தின் இலாபம் எவரைச் சேருகின்றதோ அவரையே அதன் இடரும் சேரவேண்டும். 1897ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம் தவறு என்னும் அளவுகோலைக் கைவிட்டு இவ்வடிப்படையை ஏற்றது. இலங்கையின் 1934ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் அவ்வழி வந்ததே. விபத்துத் தொழிலிலிருந்து எழுந்ததாயும், தொழிலின்போது நிகழ்ந்ததாயும் இருப்பின் போதுமானது.

இது பெரும் முன்னேற்றமே. எனினும் இழப்பை அளக்கும் முறையில் ஓர் இடர்ப்பாடு எஞ்சி நிற்கின்றது. சட்டத்தின் அட்டவணை உறுப்பு ஒவ்வொன்றையும் உழைக்கும் ஆற்றலின் நூற்றுவீதமாகக் கணிக்கின்றது. அந்நூற்றுவீதம் பின்னர் வேதனத்தோடு பொருத்தப்படுகின்றது. ஆகவே குறைந்த கூலி பெறுபவனின் கைக்கு விலையும் குறைவு. இழந்த வருமானத்தை ஈடுசெய்வதே நோக்கம் என வாதிப்போர்க்கு இது முறையாகவே தோன்றும். ஆனால் பால்வெட்டும் தொழிலாளி ஒருவன் கையை இழக்கும்போது கூலியை மட்டுமா இழக்கின்றான்? பிள்ளையைத் தூக்கும் கையும் அதுவே, சோற்றைப் பிசையும் கையும் அதுவே. அவ்விழப்பில் துரைக்கும் அவனுக்கும் வேறுபாடு இல்லை. எனவே நட்டஈட்டை இரண்டாகப் பகுத்து, ஒன்றை வருமானத்திற்கேற்பவும் மற்றையதை உறுப்பிற்கென யாவர்க்கும் சமமாகவும் வழங்குவதே நியாயமெனத் தோன்றுகின்றது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நட்டஈட்டின் உச்சவரம்பை 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தையும் உள்ளடக்கியது. வரவேற்கத்தக்கதே; ஆயினும் உச்சவரம்பு உயர்வதால் அடிமட்டத்தில் இருப்பவனின் அளவுகோல் மாறிவிடுவதில்லை.

கடனைச் செலுத்துவோர் யாவர் என்பதிலும் மாற்றம் வேண்டப்படுகின்றது. 1884இல் ஜேர்மனி தொழில்கொள்வோரின் பொதுக் காப்புறுதியை ஏற்படுத்தியது. நியூசிலாந்து 1972இல் சட்டமியற்றி, 1974 முதல் விபத்து எதுவாயினும் சமூகமே பொறுப்பேற்கும் முறைக்கு மாறியது. உக்குவளைச் சுரங்கத்தின் பயன் நாடு முழுவதற்கும் பரவுமாயின், அத்தகைய தொழிலின் இடரையும் நாடு பகிர்வது பொருத்தமே. பொது நிதியம் முதலாளியை அசட்டையாளனாக்கும் என்பது வலிமையான மறுப்பு. விபத்து மிகுந்த தாபனம் மிகுந்த பங்களிப்புச் செய்யவேண்டும் என விதிப்பின் அது ஓரளவு தணியும், முற்றாகத் தீராது. முதலாளியின் அசட்டையால் நேர்ந்த விபத்திற்கு அவர்மீது தனியே வழக்காடும் உரிமையையும் விட்டுவைக்க வேண்டியிருப்பது இதனாலேயே.

மொத்தத் தொகையாக வழங்கினால் ஏழை அதனைச் சிதறடித்துவிடுவான், மாதந்தோறும் வழங்குவதே மேல் என்பாரும் உளர். செல்வர் தம் பணத்தைச் சிதறடிப்பது பற்றி எவரும் இவ்வாறு கவலை கொண்டதில்லை! இருப்பினும் மாதாந்தக் கொடுப்பனவை ஆதரிக்க வேறொரு காரணமுண்டு: விலைவாசி ஏறும்போது அதனையும் ஏற்றலாம், ஒருமுறை எண்ணிக் கொடுத்த தொகையை அவ்வாறு செய்தல் இயலாது.