துருவிப் பார்க்கும் கண்

ஒற்றறிதல் அரசியலின் ஓர் உறுப்பு. வள்ளுவர் ‘ஒற்றாடல்’ என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தார், இல்லறவியலில் வைத்தாரல்லர். ஹிஜ்ரி 5-இல் நிகழ்ந்த அகழ்ப்போரில் ஹுதைஃபா (ரலி) அவர்களைப் பகைவர் பாசறைக்குள் அனுப்பிய பெருமானார் (ஸல்) அவர்கள், செய்தி மட்டும் கொண்டுவருமாறு பணித்தார்கள். திருமறையின் ‘ஹுஜுராத்’ அத்தியாயமோ, ஈமான் கொண்டோரை விளித்து, முதலில் வீண் ஐயத்தையும் அடுத்துத் துருவி ஆராய்வதையும் விலக்குகிறது. போர்க்களத்தில் கடமையாவது அண்டை வீட்டில் பாவமாகிறது.

இதை எண்ணத் தூண்டியது கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம்’. முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்ததால் 2013 ஜனவரியில் தமிழக அரசு அப்படத்துக்கு 15 நாள் தடை விதித்தது. சில இடங்களில் ஒலியை நீக்க அவர் இசைந்த பின், பிப்ரவரி 7 அன்று இங்கே வெளிவந்தது. பாராமலே பழித்தவர்களுள் நானும் ஒருவன். பல்லாண்டு கழித்து மகன் வீட்டில்தான் பார்த்தேன்.

நியூயார்க்கில் நடனம் கற்பிக்கும் விஸ்வநாதன் மீது ஐயுற்ற மனைவி நிருபமா, அவரைக் கண்காணிக்க ஆள் வைக்கிறாள். கணவர் முஸ்லிம் என்னும் செய்தி வருகிறது. உண்மையில் அவர் விஸாம் அஹ்மத் என்னும் இந்திய உளவாளி. எதிரே ஆஃப்கானிஸ்தானத்து உமர். ஒருவர் காக்கும் வீரர். மற்றவர் அழிக்கும் கொடியவர். இவ்விருவருக்கும் இடையே, உழைத்துக் கூலி பெற்றுத் தாய்க்கு மருந்து வாங்கும் சாதாரண முஸ்லிமுக்குக் கதையில் பெரிதாக இடமில்லை. நம் மனக்குறை நியாயமானதே.

ஆனால், அந்தச் சாதாரண மனிதர் எங்கள் பள்ளிவாசலுக்கே வந்தபோது நான் செய்தது என்ன?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பாலைகளில் வடமாநிலத்தார் பலர் உழைக்கின்றனர். அவர்களுள் ஓர் இளைஞர், சுபுஹு தொழுகை முடிந்தபின்னும் போகாமல் தூணருகே அமர்ந்திருப்பார். தமிழ் அறியார், எவரோடும் பேசார். மோதினாரை அழைத்து, “இவர் எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள்” என்றேன்.

மூன்றாம் நாள் மோதினார் வந்தார். “ஹஜ்ரத், அவருக்கு இரவு வேலை. அறையில் இருவருக்கு ஒரே பாய். மற்றவர் எழுந்து பகல் வேலைக்குப் போனால்தான் இவர் படுக்க முடியும். அதுவரை இங்கே காத்திருக்கிறார்.”

ஒரு சலாம் சொல்லிக் கேட்டிருந்தால் நானே அறிந்திருப்பேன். பெயரைக் கேட்டதுமே எங்களை ஐயுறாதீர் என்று உலகிடம் முறையிடும் நான், பெயரைக்கூடக் கேளாமல் ஒரு சகோதரரை ஐயுற்றேன். நிருபமா செய்ததைப் பள்ளிவாசலுக்குள் இருந்துகொண்டே செய்தேன்.

இப்போது தூணருகே அவருக்கென ஒரு பாய் கிடக்கிறது. அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதானால் ஐயுற்றதைச் சொல்லியாக வேண்டும். சொன்னால், அவர் நிம்மதியாக உறங்கும் ஓரிடமும் பறிபோய்விடுமோ என்று அஞ்சுகிறேன். இந்த அச்சம் அவர் மீதுள்ள இரக்கமா, என் மானத்தின் மீதுள்ள பற்றா? அல்லாஹ்வே நன்கறிந்தவன்.