மிதந்தாலும் பிடி விடவில்லை



2007 அக்டோபரில் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் அனைத்துலக விண்வெளி நிலையத்திற்குச் சென்றார். அங்கே வீரர்கள் மிதக்கும் படத்தைக் காட்டி, "ஏன் மிதக்கிறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "மேலே ஈர்ப்பு சக்தி இல்லைல்ல, அதான்" என்று பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள்.

உண்மை வேறு. அந்த நிலையம் சுற்றுவது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் சிங்கப்பூர் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தரையில் இருக்கும் ஈர்ப்பில் ஏறக்குறைய 90 விழுக்காடு அங்கேயும் இருக்கிறது.

பிறகு ஏன் மிதக்கிறார்கள்? விழுந்துகொண்டே இருப்பதால்தான்! நிலையம் வினாடிக்கு 7 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பக்கவாட்டில் ஓடுகிறது. அது கீழே விழ விழ, உருண்டையான பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. அதனால் தரையைத் தொடாமல் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வந்துவிடுகிறது. வீரரும் நிலையமும் சேர்ந்தே விழுவதால், அவர் காலைத் தாங்கி நிற்க அங்கே தரை இல்லை. நமக்கு எடை தெரிவதே தரை நம்மைத் தாங்குவதால்தான்.

இடம் மாறினால் ஈர்ப்பின் அளவும் மாறும். இங்கே 60 கிலோ காட்டும் தராசு, நிலாவில் 10 கிலோதான் காட்டும். செவ்வாயில் சுமார் 23 கிலோ. தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகும் என்பது நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலில் உள்ள விதி. குறையுமே தவிர, எவ்வளவு தூரம் போனாலும் அது அடியோடு இல்லாமல் போவதில்லை. ஏறக்குறைய 384,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலாவையே பூமி விடாமல் பிடித்து வைத்திருக்கிறதே!

சமயப் பக்கத்தில் இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அண்ணா, நான் கோயில் பக்கம் போயி ரெண்டு வருஷமாச்சு. சாமி கும்பிடறதும் இல்ல. ஒண்ணும் ஆகலையே, நல்லாத்தானே இருக்கேன்?"

நியாயமான கேள்வி. "தம்பி, நீ இப்போ மிதக்கிறே. பிடி விட்டுப் போகல. உனக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றேன்.

ஈர்ப்பு சக்திதான் இறைவன் என்று நான் சொல்லவில்லை. அறிவியல் அறிவியலாகவே இருக்கட்டும். ஆனால், நாம் உணரவில்லை என்பதற்காக ஒன்று இல்லை என்று ஆகிவிடாது. இந்தப் பாடத்தை அறிவியலும் சொல்கிறது, நம் அப்பர் பெருமானின் வாழ்க்கையும் சொல்கிறது.

அவர் சைவத்தை விட்டுச் சமண மடத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பெரும் புகழோடு இருந்தார். அவருக்கு என்ன குறை? ஆனால் திருவதிகையில் அக்கா திலகவதியார் தம்பிக்காக இறைவனிடம் வேண்டிக்கொண்டே இருந்தார். சூலை நோய் வந்தது. எந்த மருத்துவமும் பலிக்கவில்லை. தம்பி இரவோடு இரவாக அக்காவைத் தேடி வந்தார். அக்கா "ஏன் போனாய்?" என்று வாதாடவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அத்தனை வருடமும் இறைவன் அவரை விட்டிருந்தாரா? இல்லையே! உங்கள் வீட்டிலும் உங்களுக்காக விளக்கேற்றும் ஒருவர் இருப்பார், யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. மிதப்பது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் சுமை தாங்காத எலும்பு மெலிந்துபோகும். விண்வெளியில் எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஏறக்குறைய 1 விழுக்காடு குறையக்கூடும். அதனால்தான் வீரர்கள் வார்பட்டையால் தங்களைக் கட்டிக்கொண்டு, தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். திரும்பி வந்து தரையில் நிற்க வேண்டுமே!

நமக்கு 2 மணி நேரம் வேண்டாம். வாடகை அறையாக இருந்தாலும் சரி, இரவு வேலையாக இருந்தாலும் சரி, தினமும் ஐந்து நிமிடம் போதும். முகம் கழுவி, திருநீறு பூசி, தெரிந்த ஒரு பாடலைப் பாடுங்கள். இறைவன் நம்மை மறந்துவிடுவார் என்பதற்காக அல்ல. வாழ்க்கையில் பாரம் வந்து இறங்கும் நாளில் நம் கால் நிற்க வேண்டும், அதற்காக.

திருச்சிற்றம்பலம்.