சூரைச்செடியின் கீழ் கிடைத்த மூன்று காரியங்கள்



"பாஸ்டர், இந்த வேலையை விட்டுடட்டுமா?" சேரப்பணஞ்சேரி, ஒரகடம், வல்லம் பக்கத்து வாலிபப் பிள்ளைகள் என்னிடம் அதிகமாய்க் கேட்கிற கேள்வி இதுதான். சம்பளம் வருகிறது. ஆனால் ஷிப்டு மாறி மாறி தூக்கம் போச்சு. பிள்ளை முழிச்சிருக்கும்போது அப்பா வீட்டில் இல்லை.

1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கர்மேலில் ஜெயித்த எலியா, வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறான். தேவன் கடிந்துகொண்டாரா? இல்லை.

முதலாவது, தூங்க விட்டார். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழும்பவே, அரசு திரும்பப் பெற்றது. சரீரத்துக்கு எல்லை உண்டு, பிரியமானவர்களே!

இரண்டாவது, சாப்பாடு கொடுத்தார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் வேலை செய்த பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று, நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே! மூடின ஆலை 2022 ஜனவரியில்தான் திறந்தது. அவர்கள் கேட்டது சொகுசு அல்ல. நல்ல சோறும், படுக்க இடமும்.

மூன்றாவது, துணை கொடுத்தார். தான் ஒருவனே மிச்சம் என்று எலியா புலம்பினான். தேவனோ ஏழாயிரம் பேரைச் சொல்லி, எலிசாவையும் கூட்டினார். 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, முக்கியமாய்க் கேட்டது தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். தனியாய்ச் சுமக்கிறவன் சீக்கிரம் ஓடிப்போவான்.

தூக்கமும் ஆகாரமும் கொடுத்த பிறகே, ஓரேபில், ஏன் இங்கே வந்தாய் என்று தேவன் விசாரித்தார். இந்த வரிசையைக் கவனியுங்கள்! ஆகவே தம்பி, தங்கச்சி, நைட் ஷிப்டு முடிந்த காலையில் ராஜினாமாக் கடிதம் எழுதாதே. முதலில் தூங்கு, சாப்பிடு, வீட்டாரோடு பேசு. பிறகு ஜெபித்துத் தீர்மானம் பண்ணு. அப்போதும் போ என்று ஆண்டவர் உணர்த்தினால், குற்ற மனசில்லாமல் போ. ஆனால் அடுத்த மாத வாடகைக்கும் வழி பார்த்துக்கொள்.

சபையாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இரவெல்லாம் நின்று வேலை செய்த பிள்ளை முழு இரவு ஜெபத்துக்கு வரவில்லை என்றால், விசுவாசம் குறைஞ்சுபோச்சு என்று பேசாதீர்கள். ஒரு டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டுபோங்கள். அன்றைக்குத் தூதன் செய்த ஊழியம் அதுதான்.

கர்த்தர்தாமே உங்கள் வேலையையும் வீட்டையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்!