அடுத்த குழந்தைக்காகக் கேட்பது

ஆரணிக்குக் கல்யாண ஜவுளி எடுக்க வருபவர்கள் தனியாக வருவதில்லை. அத்தை, சித்தி, பாட்டி, அவர்களோடு ஒட்டிக்கொண்ட பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய வருகிறார்கள். முகூர்த்தப் புடவையை முடிவு செய்ய இரண்டு மணி நேரமாவது ஆகும். அதுவரை பிள்ளைகள் கடைக்குள்ளேயே ஓடிப் பிடித்து விளையாடும். அப்படி ஒரு நாள், கதவு இருப்பதே தெரியாதபடி துடைத்து வைத்த கண்ணாடியில் நாலு வயதுக் குழந்தை மோதி, நெற்றி கிழிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தையல், பத்து நாளில் ஆறிவிடும். இதற்காகக் கடைக்காரரிடம் நியாயம் கேட்கலாமா? கேட்டால் எதைக் கேட்பது, எங்கே நிறுத்துவது?

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பதே பெரியவர்கள் சொல்லும் முதல் ஆறுதல். கண் தப்பியதே என்ற நன்றியுணர்வு அதில் இருக்கிறது. சிறிய ஊர் என்பதும் சேர்ந்துகொள்கிறது. கடைக்காரரை நாளை ஒரு கல்யாணத்திலோ கோயிலிலோ பார்க்க வேண்டும். இரண்டு தையலுக்காக வம்பு வளர்த்தவர் என்ற பேரை யாரும் விரும்புவதில்லை. இந்தப் பொறுமையைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. தனக்கு நேர்ந்ததைப் பொறுத்துக்கொள்வதை நம் அறநூல்கள் உயர்ந்த குணமாகவே வைத்திருக்கின்றன.

ஆனால் இங்கே பொறுத்துக்கொள்ளச் சொல்லப்படுபவை இரண்டு. ஒன்று, நடந்துவிட்ட காயம். மற்றொன்று, மறுநாளும் அதே இடத்தில் அடையாளம் எதுவும் இல்லாமல் நிற்கப்போகும் கண்ணாடி. முதலாவதை அந்தக் குடும்பம் மன்னிக்கலாம். இரண்டாவதை மன்னிக்க அதற்கு உரிமை இல்லை, ஏனென்றால் அதில் மோதப்போவது வேறு வீட்டுக் குழந்தை. பேசாமல் வெளியேறுகிறவர் தம்முடைய பெருந்தன்மையின் விலையை முன்பின் தெரியாத ஒருவரின் தலையில் வைத்துவிட்டுப் போகிறார்.

2021 செப்டம்பரில் இதே ஆரணியில் ஓர் உணவகத்தில் அசைவ உணவு சாப்பிட்ட 10 வயதுச் சிறுமி இறந்தார். அங்கே சாப்பிட்ட வேறு பலரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதிகாரிகள் வந்தார்கள், கடைக்கு முத்திரை விழுந்தது, கைதுகள் நடந்தன. உயிர் போன பிறகு அரசு இயந்திரம் தானாகவே அசைகிறது. சிறு காயத்துக்கு அது அசைவதில்லை. அங்கே எச்சரிக்கை மணி அடிக்கக்கூடியவர், காயம்பட்ட குழந்தையின் பெற்றோர் மட்டுமே.

அப்படியானால் பெற்றோருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. 1955-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு தீர்ப்பானது. ஏழு வயது அக்காவோடு திறந்தவெளியில் பழம் பறிக்கப் போன ஐந்து வயதுச் சிறுவன், அங்கே வெட்டிப் போட்டிருந்த பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தான். ரோச்செஸ்டர் நகராட்சி மீது தொடுத்த வழக்கில் நீதிபதி டெவ்லின் இழப்பீடு தரவில்லை. சின்னக் குழந்தையைக் காப்பது முதலில் பெற்றோரின் கடமை, அதை அவர்கள் செய்வார்கள் என்று நிலத்துக்குரியவர் நம்பலாம் என்றார். இரண்டே ஆண்டுகளில், 1957-ல், அந்நாட்டில் வந்த சட்டம் மறுபக்கத்தையும் எழுதி வைத்தது: இடத்துக்குப் பொறுப்பானவர், பெரியவர்களைப் போலக் குழந்தைகள் கவனமாக இருக்க மாட்டார்கள் என்பதை எதிர்பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டும் உண்மைதான். ஆனால் திறந்தவெளி வேறு, ஜவுளிக்கடை வேறு. கடைக்குள் தாயின் கண் குழந்தையை விட்டு விலகுவது தற்செயலாக நடப்பதில்லை. ஒவ்வொரு புடவையாகப் பிரித்துப் போட்டு, முந்தியையும் கரையையும் காட்டி, அந்தக் கண்ணைப் பிடித்து வைப்பதில்தான் வியாபாரமே நடக்கிறது. தாயின் கவனத்தை வாங்குகிறவர், அந்த நேரத்துக்குக் குழந்தையின் பாதுகாப்பில் ஒரு பங்கையும் சேர்த்தே ஏற்கிறார். பெற்றோர் தம் பங்கை ஒப்புக்கொண்டு பேசினால் அவர்கள் கேட்பதற்கு வலு கூடும். கடைக்காரர், குழந்தை என்றால் விழத்தான் செய்யும் என்று சொல்லித் தம் பங்கைத் தட்டிக்கழிப்பது நியாயமாகாது.

அடுத்தது அளவு. மருத்துவச் செலவைக் கேட்பது நியாயம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் போன கூலியைக் கேட்பதும் நியாயம். அந்தப் பெற்றோர் நெசவாளியாக இருந்தால், தறியில் உட்காராத நாளுக்குக் கூலி கிடையாது. அதற்கு மேல் கேட்பது, பட்ட இழப்பிலிருந்து விலகி அடுத்தவரின் பயத்தை விலை பேசுவதாகிவிடும். போலீசில் எழுதிக் கொடுப்பேன், கடையின் பேரை வாட்ஸ்அப்பில் போட்டு நாறடிப்பேன் என்று சொல்லித் தொகையை ஏற்றுவது இந்த வகை. கவனக்குறைவால் காயம் ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆவது பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ சொல்கிறது. அந்தச் சட்டம் பாதுகாப்புக்கானது, பேரத்துக்கானதல்ல.

கடைக்காரர் முகம் கொடுக்காவிட்டால் வழி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. ஆனால் அந்தச் சட்டம் விலை கொடுத்து வாங்கியவரையே நுகர்வோராகப் பார்க்கிறது. அறம் பில் கேட்பதில்லை. புடவை பிடிக்காமல் வெறுங்கையோடு திரும்பிய குடும்பத்தின் குழந்தைக்கும் கடையின் கடமை வாசற்படியிலேயே தொடங்கிவிடுகிறது.

பெரும்பாலும் விவகாரம் அவ்வளவு தூரம் போவதில்லை. வாங்கிய புடவையில் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொள்கிறேன் என்பார் கடைக்காரர், எல்லோரும் சமாதானமாகிவிடுவார்கள். இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். அடிபட்டது குழந்தைக்கு, தள்ளுபடி பெரியவர்களின் புடவைக்கு. மைனர் தரப்பில் நடக்கும் வழக்கை நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் காப்பாளர் சமரசம் செய்துகொள்ள முடியாது என்று 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. தவறான ஊசியால் பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம், குழந்தைக்கு ஓர் இழப்பீடு, பெற்றோரின் மனவேதனைக்குத் தனியாக ஒன்று என்று பிரித்தே கொடுத்தது. குழந்தையின் வலிக்கு வரும் பணம் குழந்தையுடையது. பெற்றோர் அதைக் காத்துவைப்பவர்கள் மட்டுமே.

அந்தப் பணம் யார் கையிலிருந்து வருகிறது என்பதும் கேட்பவரின் கவலையாக இருக்க வேண்டும். முதலாளி கொடுத்த தொகை, மாதக் கடைசியில் கதவருகே நின்ற விற்பனைப் பெண்ணின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டால், ஒரு வீட்டுக்குச் செய்த நியாயம் இன்னொரு வீட்டுக்கு அநியாயமாகிவிடும். கண்ணாடியை அங்கே வைக்க முடிவு செய்தது அவளல்ல. ‘ஊழியர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்’ என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட ஒரு நிமிடம் போதும்.

ஆகவே கேட்க வேண்டும். கேட்கும் வரிசையையும் மாற்ற வேண்டும். பணத்தைக் கடைசியில் வைத்து, கண்ணாடியில் கண்மட்டத்திலும் குழந்தையின் உயரத்திலும் அடையாளம் ஒட்டச் சொல்வதை முதலில் வைக்க வேண்டும். பணம் வாங்கியும் கண்ணாடி அப்படியே நின்றால் அந்தக் குடும்பம் தன் மௌனத்தை விற்றதாகவே ஆகும். பணமே வாங்காமல் கதவைச் சரிசெய்ய வைத்தால், கேட்டதன் பெரும்பகுதி நிறைவேறிவிட்டது. தனக்குரிய தொகையை விட்டுக்கொடுக்க அந்தக் குடும்பத்துக்கு முழு உரிமை உண்டு. அடுத்த குழந்தையின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கத்தான் இல்லை.