கல்வி பொதுச் சொத்தா, விலைப்பொருளா? அயர்லாந்துச் சிந்தனையும் வன்னி அனுபவமும்

ஒரு குழந்தை எத்தகைய கல்வியைப் பெறுதல் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எது? அதன் அறிவாற்றலா, பெற்றோரின் பொருள்வளமா, அன்றி அது பிறந்த சமுதாயத்தின் கடப்பாடா? இவ்வினா மிகப் பழையது. புறநானூற்றின் 183ஆம் பாடலில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், மிகுந்த பொருள் கொடுத்தேனும் கற்றல் நன்று என்கின்றான். அதே பாடலில், கீழ்ப்பாலில் பிறந்தவன் கற்பானாயின் மேற்பாலில் பிறந்தவனும் அவனைச் சார்ந்து நிற்பான் எனவும் கூறுகின்றான். பொருள் கொடுத்தே கல்வி பெறவேண்டுமாயின், பொருளற்றவன் எவ்வாறு கற்று உயர்வான்? அப்பாடலுள் அடங்கிக் கிடக்கும் இம்முரண், கல்வி தனியார்மயமாதல் பற்றிய இன்றைய விவாதத்தின் உயிர்நிலையாகவும் உள்ளது.

இவ்விவாதத்தில் அடிக்கடி எடுத்தாளப்படும் முன்மாதிரி ஐக்கிய அமெரிக்காவின் சாசனப் பாடசாலை. பொதுப்பணத்தைப் பெற்று, தனி நிருவாகத்தின்கீழ் இயங்கும் இம்முறைக்கு 1991இல் மினசோட்டா மாநிலம் முதன்முதலாகச் சட்டவடிவம் கொடுத்தது. ஆயின், இப்பெயர் அயர்லாந்து மக்களுக்குப் புதியதன்று. 1733இல் அரச சாசனம் பெற்ற புரட்டஸ்தாந்து சங்கமொன்று, அங்குள்ள ஏழைக் கத்தோலிக்கப் பிள்ளைகளை மதமும் மொழியும் மாற்றும் நோக்குடன் நடத்திய பாடசாலைகளும் சாசனப் பாடசாலைகள் என்றே அழைக்கப்பட்டன. அரசுப் பணம் அவற்றுக்குத் தாராளமாக வழங்கப்பட்டது. கணக்குக் கேட்பார் இல்லை. 1780களில் சிறைச் சீர்திருத்தவாதியான ஜோன் ஹவார்ட் அவற்றைப் பார்வையிட்டு, பிள்ளைகளின் பசியையும் அழுக்கையும் அறியாமையையும் உலகறியச் செய்தார். பொதுப்பணமும் பொறுப்புக் கூறாத நிருவாகமும் இணையும்போது விளைவது யாது என்பதற்கு அது ஒரு பழைய சான்று.

அயர்லாந்துக் குடியரசுவாதிகளின் கல்விச் சிந்தனை இவ்வரலாற்றுப் பின்னணியிலேயே நோக்கற்பாலது. 1916ஆம் ஆண்டு எழுச்சியின் தலைவர்களுள் ஒருவரான பற்றிக் பியர்ஸ் அடிப்படையில் ஓர் ஆசிரியர். 1908இல் டப்ளினில் புனித எண்டா பாடசாலையை நிறுவியவர். ஆங்கில ஆட்சியின் கல்விமுறையை அவர் மனிதத்தைக் கொல்லும் பொறியாகக் கண்டார். பண்டை அயர்லாந்தில் ஆசிரியன் வளர்ப்புத் தந்தையாகவும் மாணவன் வளர்ப்பு மகனாகவும் விளங்கிய மரபை அவர் மீட்க விழைந்தார். நமது குருகுல மரபை அறிந்தோர்க்கு இக்கருத்து அந்நியமாகத் தோன்றாது. அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் நிறைவுறுமுன், 1919 சனவரியில் முதலாவது அயர்லாந்துப் பேரவை ஏற்ற சனநாயக வேலைத்திட்டம், பிள்ளைகளின் நலனைக் குடியரசின் முதற் கடமையாக வகுத்தது.

எனினும் இங்கு ஒரு சிக்கல் உண்டு. பியர்ஸ் வேண்டியது பாடசாலைகளின் சுதந்திரம். அரசின் கையிறுக்கத்தை அவர் வெறுத்தார். அவரது பாடசாலையோ கட்டணம் பெற்று நடந்த தனியார் பாடசாலை. அவ்வாறாயின், தனியார்மயத்தை ஆதரிப்போரும் அவரைத் துணைக்கழைக்கலாம் அன்றோ? சுதந்திரம் என்னும் ஒரு சொல்லே இங்கு இருபொருள் தருகின்றது. பியர்ஸ் கோரியது கற்பிப்போன், கற்போன் ஆகியோரின் சுதந்திரம். கல்வி வாணிபம் கோருவது உடைமையாளனின் சுதந்திரம். முன்னையது ஆசிரியனைப் பொறியின் பிடியினின்று விடுவிப்பது. பின்னையது அவனைப் பிறிதொரு பொறிக்குக் கூலியாளாக்குவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

குடியரசு அமைந்தமை மட்டும் அயர்லாந்தில் சமத்துவத்தைக் கொணர்ந்துவிடவில்லை என்பதும் கூறப்படல் வேண்டும். சுதந்திர அரசு பாடசாலைகளைத் திருச்சபைகளின் கையிலேயே விட்டது. கட்டணமற்ற இடைநிலைக் கல்வி 1967இலேயே நடைமுறைக்கு வந்தது. இலங்கையிலோ சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபரிலேயே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்துவிட்டது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் உதவிபெறும் பாடசாலைகளை அரசுடைமையாக்கின. மிஷனரிப் பாடசாலைகளும் சைவ வித்தியா விருத்திச் சங்கப் பாடசாலைகளும் அரசின் கீழ் வந்தன. இத்துறையில் நம் நாடு அயர்லாந்துக்கு முன்னோடி எனலாம்.

ஆயின் அவ்விலவசக் கல்வியின் எல்லைக்கு வெளியே நெடுங்காலம் நின்ற ஒரு மக்கட் கூட்டம் உண்டு. மலையகத் தோட்டங்களில் பாடசாலையின் உடைமையாளன் தோட்ட நிருவாகமே. உழைப்பை வாங்கியவனே உழைப்பாளியின் பிள்ளைக்குக் கல்வியும் வழங்கினான். ஆதலின், கொழுந்து பறிக்கும் கைகளுக்கு எவ்வளவு எழுத்து வேண்டும் என்பதையும் அவனே தீர்மானித்தான். 1970களின் பிற்பகுதி தொடங்கிப் படிப்படியாகவே அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1958, 1977ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் துரத்தப்பட்டு வன்னியில் குடியேறிய மலையக மக்களின் வழித்தோன்றல்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இன்று பெருந்தொகையினராக வாழ்கின்றனர். தனியார் நிருவாகக் கல்வி எத்தகையது என்பதை அவர்கள் நூல்களிற் கற்கவேண்டியதில்லை.

தனியார்மயத்தை ஆதரிப்போரின் வாதங்களைப் புறந்தள்ளலும் முறையன்று. தம் பிள்ளைக்கு ஏற்ற பாடசாலையைத் தேர்தல் பெற்றோரின் உரிமை என்பர் அவர். அரசின் கையில் கல்வி முழுமையாகச் செல்லின், அவ்வரசின் சார்புகளும் கூடவே வகுப்பறையுள் நுழையும் என்பர். 1971இன் பின் தரப்படுத்தலைக் கண்ட தமிழ்ச் சமூகத்துக்கு இவ்வச்சம் வெறுங்கற்பனையன்று. அரசுப் பாடசாலையின் குறைகளும் கண்கூடு.

ஆயினும் தேர்வு என்பது ஒன்றுக்கு மேற்பட்டவை உள்ளவிடத்தே பொருளுடையதாகும். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ பூநகரியிலோ உட்கிராமமொன்றில் இருப்பது ஒரே பாடசாலை. அதனை விட்டால் அடுத்தது பல கல் தொலைவில். கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என வகைப்படுத்தப்பட்ட இடங்களுக்கு ஆசிரியர் செல்லவே தயங்கும் நிலையில், இலாபம் கருதும் முதல் அங்கு எவ்வாறு செல்லும்? அது செல்லுமிடம் நகரே. அவ்வாறாயின் வசதியுள்ளவனின் பிள்ளை வெளியேற, எஞ்சிய பாடசாலை மேலும் நலியும். ஒருவனின் தேர்வு இன்னொருவனின் இழப்பாக முடிகின்றவிடத்து, அதனைத் தனிமனித சுதந்திரம் என்று மட்டும் கூறி அமைதல் இயலாது.

தனியார்மயம் எப்போதும் பெயர்ப்பலகையுடன் வருவதில்லை என்பதும் கருதத்தக்கது. 1980களில் ராகமையிலும் பின்னர் மாலபேயிலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் எழுந்தபோது மாணவர் வெளிப்படையாகப் போராடினர். தனியார் கல்வி நிலையங்களுக்கு எதிராகவோ எவரும் ஊர்வலம் செல்வதில்லை. பாடநூலும் சீருடையும் இலவசம். பரீட்சைக்குரிய பயிற்சியோ விலைக்கு. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் ஒதுக்கப்படுகின்றது. மூன்று வன்னி மாவட்டங்களும் அவற்றுள் அடங்கும். சமமற்ற தொடக்கத்தைச் சமூகம் ஈடுசெய்ய முயல்வதன் அடையாளம் அது. அதே மாவட்டத்துள் மாலை வகுப்புக்குப் பணம் கட்டக்கூடியவனுக்கும் கட்ட இயலாதவனுக்கும் இடையே விழும் பிளவை எந்த ஒதுக்கீடும் ஈடுசெய்யாது.

பேரழிவின் பின்னரான காலம் இவ்வகையில் ஆபத்தானது. 2005இல் கத்ரீனாப் புயல் நியூ ஓர்லியன்ஸ் நகரை அழித்தபின், அங்கு 7,000க்கும் மேற்பட்ட பாடசாலைப் பணியாளர் நீக்கப்பட்டனர். காலப்போக்கில் அநேகமாக எல்லாப் பொதுப் பாடசாலைகளும் சாசனப் பாடசாலைகளாயின. பரீட்சைப் பெறுபேறுகள் உயர்ந்தன என்பது உண்மையே. ஆயின், துயருற்ற மக்கள் தம் பாடசாலைகளின் எதிர்காலத்தைத் தாமே ஆய்ந்து முடிவெடுக்கும் வாய்ப்பைப் பெற்றனரா என்பதே அறவியல் வினா. வன்னியும் அழிவைக் கண்ட நிலமே. 2009 ஆகத்தில் செட்டிகுளம் முகாம்களுள் முட்கம்பிக்கு உள்ளே பிள்ளைகள் பொதுப் பரீட்சைகளுக்குத் தோற்றினர். வீடும் நிலமும் இழந்தோரிடம் விலை கொடுக்க எதுவும் இருக்கவில்லை. விலையற்றதாய்க் கல்வி இருந்தமையினாலேயே அது அவர்களிடம் எஞ்சியிருந்தது.

எனவே, அரசா தனியாரா என்னும் இருமுனை வினா முழுமையானதன்று. அரசு கல்வியின் உடைமையாளனன்று, அறங்காவலனே. காவலன் தவறிழைப்பின் அவனைத் திருத்துதல் வேண்டும். அதற்காகச் சொத்தை விற்றுவிடுதல் அறமாகாது. பணத்தைப் பொதுவிலிருந்து வழங்கி, ஆசிரியனுக்குச் சிந்திக்கும் சுதந்திரத்தையும் ஊர் மக்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையையும் அளிப்பதே பியர்ஸின் சிந்தனையிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடமாகும். கிளிநொச்சி அறிவியல் நகரிலும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக மலர்ந்த வவுனியாவிலும் பயில்வோர் இலவசக் கல்வியின் பயனைத் துய்ப்போர். அப்பயன் தம்மோடு முடிந்துவிடாது, உட்கிராமத்து ஒற்றைப் பாடசாலையிற் பயிலும் பிள்ளைக்கும் சென்று சேரும்படி காத்தல் அவர்தம் கடனாகும்.